செக் இன்ஜின் லைட் மின்னினப்பவே நிறுத்தியிருக்கணும்

ஐடில்ல வண்டி லேசா உதறும், செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னும், சரி அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு ரெண்டு வாரம் ஓட்டிட்டேன். அப்புறம் பிக்கப் சுத்தமா போச்சு, ஆக்சிலரேட்டர அமுக்கினா சத்தம்தான் வருது வண்டி நகர மாட்டேங்குது. மெக்கானிக் கீழ படுத்து ரப்பர் சுத்தியலால ஒரு தட்டு தட்டினாரு, உள்ள ஜல்லி கெடக்குற மாதிரி கலகலன்னு சத்தம். "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு சார்"னுட்டாரு, அதாவது புகைக்குழாய்ல நச்சுப்புகைய சுத்தம் பண்ற டப்பா.

கழட்டி டார்ச் அடிச்சு காட்டினாரு. நல்ல நெலமைல உள்ள இருக்குற பீங்கான் தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டையா இருக்கும், என்னோடதுல பாதி மெழுகு வழிஞ்ச மாதிரி உருகி அடைச்சுக் கெடக்கு. செத்தது என்னவோ பிளக்குல பொறி வர வைக்கிற ஒரு இக்னிஷன் காயில்தான், அந்த சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் மொத்தமும் இங்க வந்து எரிஞ்சிருக்கு. அந்த பீங்கான் உருகணும்னா 1400 டிகிரிக்கு மேல போகணும், யோசிச்சுப் பாருங்க.

இத ஏதோ ஃபில்டர்னு நெனச்சிட்டிருந்தேன் இத்தன நாளா. ஒண்ணையும் புடிச்சு வைக்கிறதில்லையாம். அந்த தேன்கூட்டு மேல பூசின பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் ஆளு. கார்பன் மோனாக்சைட கார்பன் டை ஆக்சைடா மாத்துது, எரியாத ஹைட்ரோகார்பன எரிச்சு தண்ணி ஆவியும் கார்பன் டை ஆக்சைடுமா ஆக்குது, நைட்ரஜன் ஆக்சைட பிரிச்சு வெறும் நைட்ரஜனா விடுது, தான் மட்டும் செலவாகாம அப்படியே இருக்கு.

---

எனக்கு நேர் எதிர் கதை. பி0420 கோட் வந்துச்சு, அதாவது கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலன்னு வண்டி கம்ப்யூட்டர் காட்டுற எண், கன்வெர்ட்டர மாத்தியே ஆகணும்னு ரெண்டு பேர் அடிச்சு சொன்னாங்க. மூணாவது ஆள் ஸ்கேனர் மாட்டி லைவ் டேட்டா பாத்தாரு. முன்னாடி ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல குதிச்சிட்டே இருக்கணும், பின்னாடி இருக்குறது பெருசா ஆடாம நிக்கணும், என்னோடதுல ரெண்டுமே குதிக்குது, பாத்தா கன்வெர்ட்டர் போன மாதிரிதான் தெரியும். அப்பவும் அவரு கன்வெர்ட்டர்ல கை வைக்கல, பைப் ஜாயின்ட்லாம் தடவிப் பாத்தாரு, பின் சென்சாருக்குக் கொஞ்சம் முன்னாடி முடி அளவு விரிசல், வெளிக்காத்து உள்ள போய் சென்சார ஏமாத்தியிருக்கு. ஒரு வெல்டிங், முடிஞ்சுது.

---

காலைல ஸ்டார்ட் பண்ணின ஒடனே கண்ணு எரியுற வாடை வரும்ல, அதுக்கும் இதுதான் காரணம். 250, 300 டிகிரி சூடு ஏறுற வரைக்கும் கன்வெர்ட்டர் தூங்கிட்டுதான் இருக்கும். மூடின ஷெட்டுக்குள்ள வண்டிய ஓட விட்டு சூடு பண்றத தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஆமா மொதல்ல போட்டவரே, நீங்க கன்வெர்ட்டர மட்டும் மாத்தினீங்களா, காயிலையும் சேத்தா?

---

காயில், பிளக் ரெண்டையும் மாத்தி உதறல் நின்னுச்சான்னு பாத்துட்டுதான் புதுசு போட்டோம். இல்லன்னா அதுவும் இந்நேரம் உருகியிருக்கும்.