அம்பாசடர் கதவுக் கீலில் இறுகிப்போன ஸ்க்ரூக்கள்: தலை வழுக்காமல் கழற்ற வழி உண்டா?

நாகை அம்பாசடர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1992இல் வாங்கிய அம்பாசடரை இப்போது நான் வைத்திருக்கிறேன். ஓட்டுநர் பக்கக் கதவு இரண்டு ஆண்டுகளாகத் தொங்குகிறது. மூடும்போது கைப்பிடியைப் பிடித்துச் சற்றே தூக்கிக் கொடுத்தால்தான் பூட்டு விழுகிறது. மேல் கீலைக் கழற்றிச் சரிசெய்யலாம் என்று தொடங்கினேன். கதவைத் தாங்கும் காரின் தூணோடு அதைப் பிணைக்கும் மூன்று சி.எஸ்.கே. ஸ்க்ரூக்களில் (தலை கீலுக்குள் சமமாக இறங்கி உட்காரும் வகை) ஒன்று எளிதாக வந்துவிட்டது. இன்னொன்று அசையவே இல்லை. மூன்றாவதன் ஸ்டார் பள்ளம், நான் திருப்பியதில் தேய்ந்து கிண்ணம்போல் ஆகிவிட்டது.

எங்கள் வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் துருவுக்குக் குறைவில்லை. மூன்று நாள் காலையும் மாலையும் டபிள்யூ.டி. 40 தெளித்தேன், பலனில்லை. அருகிலுள்ள டிங்கரிங் பட்டறையில் கேட்டால், கேஸ் வைத்து வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். கதவிலும் தூணிலும் இருப்பது கம்பெனியில் அடித்த பெயின்ட் என்பதால் அதைக் கருக்க எனக்கு மனமில்லை. பெயின்ட் கெடாமல் இவற்றை எடுக்க வழி இருந்தால் கூறுங்கள்.

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

தம்பி, மீதி இரண்டையும் தொடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கதவைப் பாதி திறந்து, பின்முனையை இரு கையாலும் மேலே தூக்கி இறக்குங்கள். வேறொருவரைக் கீலருகே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கீலின் இரு பாதிகளும் ஒன்றையொன்று விட்டு ஆடினால் தேய்ந்திருப்பது அவற்றைக் கோக்கும் ‘பின்’ (pin) என்னும் கம்பி. அதற்கு ஸ்க்ரூவைக் கழற்றத் தேவையே இல்லை. கதவைத் தாங்கிக்கொண்டு பின்னை மட்டும் தட்டி எடுத்து, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, லேத்தில் அதற்கேற்ற தடித்த பின் கடைந்து போட்டால் வேலை முடிந்தது. பல அம்பாசடர் கதவுகளை நான் இப்படித்தான் நிமிர்த்தியிருக்கிறேன். கீல் முழுவதுமாகத் தூணோடு சேர்ந்து அசைந்தால் மட்டுமே ஸ்க்ரூவோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அப்படியானால், முதலில் கதவின் அடியில் ஜாக்கி வைத்து, இடையில் மரக்கட்டையும் மடித்த சாக்கும் கொடுத்து, எடையை அதன்மேல் இறக்குங்கள். கதவின் பாரம் ஸ்க்ரூவை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும்வரை எவ்வளவு எண்ணெய் விட்டும் பயனில்லை. கீலின் ஓரத்தைச் சுற்றி ஊசியால் மெல்லிய கோடு கீறி வையுங்கள். திரும்பப் பொருத்தும்போது கதவு பழைய இடத்தில் உட்கார அது ஒன்றே வழிகாட்டி.

அடுத்து, அசையாத ஸ்க்ரூவின் பள்ளத்தில் படிந்திருக்கும் பெயின்டைச் சுரண்டி எடுங்கள். பலர் விடும் பிழை இதுதான்: அடியில் பெயின்ட் இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் பிட் முழு ஆழத்துக்கு இறங்காது, மேல்விளிம்பை மட்டும் பற்றிக்கொண்டு சுழன்று வழுக்கும். பிட்டின் நுனியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் (வால்வைத் தேய்க்கும் சொரசொரப்பான பசை) சிறிது தடவினால் பிடிப்பு கூடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் கை இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். அடிக்கும் அடி பிட்டைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே திருப்புவதால் வழுக்கல் குறையும். முதல் அடியை இறுக்கும் பக்கமாகக் கொடுங்கள். மயிரிழை அளவு அசைந்தாலும் துருவின் பிடி விட்டது என்று பொருள். பிறகு கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று, இடையிடையே எண்ணெய் விட்டு, நிதானமாக எடுங்கள். நீட்டுக் குழாய் மாட்டிய ஸ்பேனரால் ஒரே மூச்சில் இழுத்தால் தலை முறிந்து கையில் வரும்.

உலோகவியல் மாணவி எழுதியது:

ஐயா சொன்னதோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இரும்பு துருவாகும்போது தான் இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரையின், அதாவது ஸ்க்ரூவின் திருகுச் சுற்றுகளின், இடைவெளியோ மிகக் குறுகியது. அதற்குள் விரியும் துரு ஆப்பு அடித்ததுபோல் இரு பக்கமும் நெருக்குகிறது. டபிள்யூ.டி. 40 என்று நாம் சாதாரணமாக வாங்குவது ஈரத்தை விலக்குவதற்கென உருவான கலவை; துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனியாக எண்ணெய்கள் விற்கின்றன. அசிட்டோனும் கியர் எண்ணெயும் கலந்த கலவையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தங்கள் விஷயத்தில் அது வேண்டாம். அசிட்டோன் பெயின்டைக் கரைத்துவிடும், எளிதில் தீயும் பிடிக்கும்.

சூடு வேண்டும், சுடர் வேண்டியதில்லை. 100 வாட் அளவிலான பெரிய சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூவின் தலையில் பத்து நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும், 8 மி.மீ. தடிமனுள்ள ஸ்க்ரூவின் சூட்டை 150 டிகிரி உயர்த்தினால் அதன் குறுக்களவு கூடுவது 0.014 மி.மீ. அளவுதான். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் துருவில் விரிசல் விழ அதுவே பெரும்பாலும் போதும். சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியைத் தலையோரம் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் இழுபட்டுப் போகும். ஆறிய பிறகு திருப்பிப் பாருங்கள். சுற்றியுள்ள பெயின்டின்மேல் ஈரத்துணி போர்த்துங்கள்.

ஒரு சிறு குறிப்பு: இக்காலக் கார்களில் சிலவற்றின் கீல் போல்ட்டுகளுக்குத் தானாகக் கழலாதிருக்க மரைப் பசை தடவியே அனுப்புகிறார்கள். அங்கே இறுக்கத்துக்குத் துரு காரணமாக இருக்காது. வலுவான வகையென்றால் 250 டிகிரிவரை சூடாக்கினால்தான் இளகும்.

டிரில் ராசா எழுதியது:

பள்ளம் தேய்ந்துபோன அந்த மூன்றாவது ஸ்க்ரூவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை இனித் திருப்ப முயலாதீர்கள். நடுவில் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் ஆழமாகப் புள்ளி வைத்து, முதலில் 3 மி.மீ., பிறகு 5, கடைசியில் தண்டின் தடிமனுக்குச் சமமான பிட் என்று படிப்படியாக, குறைந்த வேகத்தில், தலையின் ஆழம்வரை மட்டும் துளையிடுங்கள். தலை வளையமாகப் பிட்டோடு சுற்றி வந்துவிடும். கீலைத் தூக்கி எடுத்தால், கீலின் தடிமன் அளவுக்குத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதில் மகிழ்ச்சியான செய்தி என்னவென்றால், தலை போனதும் இழுவிசையும் போய்விடுவதால், அதுவரை மலைபோல் நின்ற தண்டு பல நேரங்களில் வைஸ் கிரிப்பில் (இறுகப் பூட்டிக்கொள்ளும் இடுக்கியில்) பிடித்துத் திருப்பியவுடன் வந்துவிடும்.

எக்ஸ்டிராக்டர் எனப்படும் இடதுமரை ஆணியை மட்டும் இதில் இறக்காதீர்கள். அது கடினமான எஃகு; உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் துளைக்காது. நான் ஒரு முறை அப்படி முறித்துவிட்டு, எட்டு ரூபாய் ஸ்க்ரூவுக்காகத் தூணையே அறுத்துத் திறக்க நேர்ந்தது.

தூணுக்குள் இருக்கும் மரைத் தகடு, கதவைச் சீர்செய்ய வசதியாகச் சற்று அசையும்படி விடப்பட்டிருக்கும். ஆகவே தண்டை உள்நோக்கிக் கண்மூடித்தனமாக அடிக்க வேண்டாம்.

நாகை அம்பாசடர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை ஐயா சொன்னபடி தூக்கிப் பார்த்தேன். பின்னில் ஆட்டமே இல்லை, கீல்தான் தூணைவிட்டு அசைந்தது. எனவே ஸ்க்ரூக்களை எடுத்தே ஆகவேண்டியிருந்தது.

தலை தேய்ந்ததைத் துளையிட்டேன். கீல் விலகியதும் தண்டு இரண்டே திருப்பில் வந்தது. ஆனால் பள்ளம் நன்றாக இருந்த மற்றொன்று, இரண்டு முறை சூடு, மெழுகு, இம்பாக்ட் டிரைவர் எல்லாவற்றுக்கும் பிறகு அசையத் தொடங்கியும், கடைசிவரை அதே இறுக்கத்தோடு கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. எடுத்துப் பார்த்தால் அதன் மரையில் துருவே இல்லை. பளபளவென்று உரசிய தழும்புகள்தாம் இருந்தன. முதலில் எளிதாக வந்த ஸ்க்ரூவின் அருகே வைத்தபோது இரண்டின் மரைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இது எப்படி?

பழைய பட்டறைக்காரன் எழுதியது:

தம்பி, அது துருவின் குற்றமன்று. யாரோ முன்பு கழற்றி, வேறு மரையுள்ள ஸ்க்ரூவை மாட்டியவரின் குற்றம். அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் வழி வந்த வண்டி. அதன் உடற்பகுதியில் இன்ச் மரைதான். 5/16 இன்ச் ஸ்க்ரூவின் தடிமன் 7.94 மி.மீ.; கடையில் தாராளமாகக் கிடைக்கும், மில்லிமீட்டர் கணக்கில் செய்த எம்8 ஸ்க்ரூவின் தடிமன் 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 5/16இன் நெருக்கு மரையில் இன்ச்சுக்கு 24 சுற்று, அதாவது சுற்றுக்கு 1.06 மி.மீ.; எம்8இல் சுற்றுக்கு 1.25. முதல் இரண்டு சுற்று ஏமாற்றிக்கொண்டு போகும், பிறகு பலவந்தமாகத் திருகினால் மரையைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உங்கள் கதவு தொங்கத் தொடங்கியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்: அது இறுகியதே தவிர, கீலை அழுத்திப் பிடிக்கவில்லை.

ஸ்க்ரூ வாங்கும் முன் மரை அளக்கும் கேஜை வைத்துப் பாருங்கள். 5/16, 24 சுற்று டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவியை)க் கையால் மெதுவாக ஓட்டினால், உள்ளே நல்ல மரை மிஞ்சியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மிஞ்சியிருந்தால் புதிய ஸ்க்ரூவுக்குச் சிறிது கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். பாதிக்கு மேல் கிழிந்திருந்தால் அந்தத் துளையை நம்பாதீர்கள், ஹெலிகாயில் (கிழிந்த மரைக்குப் பதிலாகத் துளைக்குள் இறக்கும் கம்பிச் சுருள்) போடுபவரிடம் காட்டுங்கள். கதவை முன்பு கீறிய கோட்டுக்கு நேராக வைத்து, மூன்றையும் பாதி இறுக்கி, பூட்டு தானாக விழுகிறதா என்று பார்த்த பிறகே முழுவதுமாக இறுக்குங்கள். ஜாக்கியை அதுவரை எடுக்க வேண்டாம்.