மலையிலிருந்து ஏர்போர்ட், ஏர்போர்ட்டிலிருந்து உலகம்: உங்கள் அனுபவம் என்ன?

குன்னூர், டாக்ஸி ஓட்டுநர்:

பீளமேடு ஏர்போர்ட்டுக்கு ஆள் கொண்டுபோய் விடுறதுதான் என் பிழைப்பு. வண்டியில ஏறினதும் எல்லாரும் ஃப்ளைட் எத்தனை மணி நேரம்னுதான் பேசுவாங்க, மலை இறங்குற நேரத்தைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க. கோவையில ஏறினா சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம்தான். மேட்டுப்பாளையத்துல மலை ரயில் ஏறி 46 கிலோமீட்டர் ஊட்டி போய்ச் சேர அதைவிடக் கொஞ்சம் கூடவே ஆகும்.

ஐப்பசி மழையில ஒரு நாள், ஷார்ஜா போற பையன் வண்டியில இருந்தான். பர்லியாருக்கு மேலயே வரிசையா வண்டி நிக்குது, கீழ மண் சரிஞ்சு கிடக்குதாம். திருப்பிக் குன்னூர் ஏறி, கோத்தகிரி வழியா இறங்கினோம். மடியில அவங்க அம்மா கட்டிக் கொடுத்த வர்க்கி பொட்டலம். வழி பூரா அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தான். கவுண்டர் மூடுற நேரத்துல உள்ள ஓடினான். மழை மாசத்துல தயவுசெஞ்சு அரை நாள் முன்னாடியே கிளம்புங்க.

கோத்தகிரியிலிருந்து ஒரு மகள்:

அண்ணா சொல்வது சரி. என் தம்பி சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறான். பெங்களூரிலிருந்து நேர் விமானத்தில் அம்மாவை அழைத்துப் போனேன். டிக்கெட்டைப் பார்த்த அம்மா, "மதியம் ஏறுனா சாயங்காலம் எறங்கிறலாமா?" என்று சந்தோஷப்பட்டார். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், அதையும் கூட்டினால்தான் உண்மையான பயண நேரம் தெரியும். இதை விளக்கவே எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தைத் தொடங்கியபோது, விமானிகள் எல்லோருமே பெண்கள், வட துருவத்தின் மேலாகவே பறந்து வந்தார்கள். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் இரண்டு ஊரையும் நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் தானாக வடக்கே ஏறும். நாங்கள் திரும்பி வந்தபோதும் திரையில் விமானம் வடக்கு நோக்கியே போனது. ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாகப் பனிக்கட்டி. நம் ஊர் உறைபனியைப் புல்லில் பார்த்துப் பழகிய அம்மா, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் அசையவே இல்லை. எனக்கு அந்த முகம்தான் பயணத்தின் மொத்த வரவு.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், வெறும் உட்கார்ந்த உட்காரலாக விடாதீர்கள். கால் வீங்கும், காலில் ரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. அவ்வப்போது எழுப்பி நடக்க வையுங்கள், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கூடலூர்:

அக்கா, பெங்களூர் வழியாகப் போகும் எங்கள் பக்கத்து ஆட்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விட மாட்டார்கள். விடியற்காலை விமானம் என்றால் முந்தின நாள் பகலிலேயே காட்டைத் தாண்டிவிடுங்கள். வளைகுடா போகிறவர்கள் நாடுகாணி இறங்கி, நிலம்பூர் வழியாகக் கரிப்பூர் (கோழிக்கோடு விமான நிலையம்) போவதுதான் எங்களுக்குத் தோது.