இங்கிலாந்தின் டெவன் மழையில் உருளைக்கிழங்கு இலை கருகுது, என்ன செய்யலாம்?

கேள்வி: ஜூலை கடைசி, விடாத மழை. இலை நுனியில் பழுப்புத் திட்டு, அடியில் வெள்ளைப் படலம். மருந்து அடிச்சா தேறுமா?

பதில் 1: தேறாது, பின்பருவ இலைக்கருகல். வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாம, 90 சதவீத ஈரப்பதம் தினம் 6 மணி நேரம்னு அடுத்தடுத்து 2 நாள் இருந்தா போதும், இந்த நோய் பரவிடும். அந்த ஊர்க் கோடைக்குக் கேட்கவே வேண்டாம். இன்னைக்கே தண்டைத் தரையோடு அறுத்துடுங்க. கிழங்கை உடனே தோண்டாதீங்க. 2-3 வாரம் விட்டா மேல்மண்ணில் விழுந்த நோய் வித்துகள் சாகும், தோலும் கெட்டிப்படும்.

பதில் 2: அறுத்ததை உரக்குழியில் போட வேண்டாம். வீட்டு உரக்குவியல் நோயைக் கொல்ற அளவு சூடேறாது. பக்கத்துல தக்காளி இருந்தா அதையும் பாருங்க, இதே நோய் தாவும்.

பதில் 3: அடுத்த வருஷம் சார்ப்போ மிரா உருளைக்கிழங்கு ரகம் போடுங்க. ருசி சுமார்தான், ஆனா இந்த நோயைத் தாக்குப்பிடிக்கும்.