புதுப்பிப்பு: பிள்ளைகளோடு பொன்னேரிப் பக்கம் பண்ணைப் பள்ளி

தண்டையார்பேட்டையிலிருந்து 24 பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவது, வயலில் என்ன செய்ய வைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

வேன் வேண்டாம், கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் போதும் என்ற யோசனைதான் கைகொடுத்தது. யாரும் வாந்தி எடுக்கவில்லை. நெல் நடவுக்கு 20 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. முடிச்சுக்கு 2, 3 நாற்று, ஆழம் 3 செ.மீ. தாண்டக் கூடாது. பிள்ளைகள் ஆசையாக அமுக்குவார்கள். அமுக்கினால் தூர் வெடிக்க, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விட, தாமதமாகும்.

சொதப்பியது பயிருக்கு ஊற்றும் இயற்கை உரக் கரைசலான ஜீவாமிர்தம். 20 லிட்டர் தண்ணீர், 1 கிலோ சாணம், 1 லிட்டர் கோமியம், 200 கிராம் பயறு மாவு, ஒரு பிடி மண் எல்லாம் சரி. 200 கிராம் வெல்லத்தைக் கட்டியாகப் போட்டதில் அடியில் தங்கிவிட்டது. முன்பே கரைத்து ஊற்றுங்கள். வாளியை இறுக்கி மூடாதீர்கள், வாயு சேரும், ஈரச்சாக்கு போதும்.

செருப்பை வரப்பிலேயே கழற்றச் சொல்லுங்கள். சேற்றில் 3 ஜோடி போச்சு. காலில் புண் உள்ள பிள்ளையை மட்டும் இறக்க வேண்டாம்.