தம்பி தவழத் தொடங்கிய பிறகு மகள் மீண்டும் படுக்கையை நனைக்கிறாள். அவளை என் அம்மா வீட்டுக்கு அனுப்பலாமா?

தக்கலை மருமகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் தக்கலைக்கு அருகே ஒரு கிராமத்தில் மாமனார் மாமியாரோடு வசிக்கிறேன். எனக்கு மூன்றரை வயதில் ஒரு மகளும் எட்டு மாதத்தில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். மகன் பிறந்தபோது வந்து, ஒன்றரை மாதம் உடனிருந்துவிட்டுத் திரும்பினார்.

மகள் இரண்டரை வயதிலேயே சொல்லிவிட்டு ஒன்றுக்குப் போகப் பழகியிருந்தாள். அதன் பிறகு ஏறக்குறைய ஓராண்டு அவளுடைய படுக்கை நனைந்ததே இல்லை. இப்போது ஒன்றரை மாதமாகப் பெரும்பாலான இரவுகளில் நனைக்கிறாள். சில நாட்களில் பகலிலும், விளையாடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே உடையோடு போய்விடுகிறாள். டம்ளரில் பால் குடித்தவள் இப்போது பால் புட்டி கேட்கிறாள். தம்பிக்கு ஏத்தன்காய்ப் (நேந்திரங்காய்ப்) பொடியில் குறுக்கு என்னும் கூழ் காய்ச்சினால், தனக்கும் அதே கிண்ணத்தில், அதே சிறு கரண்டியால், மடியில் கிடத்தி ஊட்ட வேண்டும் என்று அழுகிறாள். நான் அடுப்பின் பக்கம் திரும்பினால் அவனைப் பிடித்துத் தள்ளிவிடுகிறாள். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: அவன் பிறந்த நாட்களில் இவள் இப்படி இல்லை. குளிப்பாட்டும்போது துண்டு எடுத்துத் தருவாள், அவன் பாதத்தில் முத்தமிடுவாள். ஏழு மாதம் நன்றாக இருந்தவள், அவன் தவழத் தொடங்கிய பிறகு மாறியது ஏன்?

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நாள் முழுவதும் மழை. திண்ணைக் கொடியில் மூன்று விரிப்புகள் ஈரம் காயாமல் தொங்கின. இரவு இரண்டு மணிக்கு நான்காவது விரிப்பும் நனைந்தது. அந்த நேரம் பார்த்து மகனும் விழித்து அழுதான். நான் அவளுடைய தொடையில் அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. சுவர் ஓரமாகப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். காலையில் என்னிடம் வந்து, "அம்மா, இனி நான் ஒன்றுக்குப் போகவே மாட்டேன்" என்றாள். அன்று மாலைவரை தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

பூதப்பாண்டியில் இருக்கும் என் அம்மா, மகளை ஒரு மாதம் தம்மிடம் விட்டுவிடச் சொல்கிறார். எனக்கும் தூக்கம் கிடைக்கும், அவளுக்கும் கவனிப்புக் கிடைக்கும் என்கிறார். மாமியாரும் அதையே சொல்கிறார். அனுப்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரணியல் அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது மகள் பிறந்தபோது மூத்தவனை மூன்று வாரம் என் அம்மா வீட்டில் விட்டேன். எனக்கு அறுவைச் சிகிச்சை, வீட்டில் வேறு ஆளில்லை. வேறு வழி இருக்கவில்லை. எனக்கு ஓய்வு கிடைத்தது உண்மை, அவன் அங்கே மகிழ்ச்சியாக இருந்ததும் உண்மை. ஆனால் திரும்பி வந்தபோது இரண்டு வாரம் என்னிடம் ஒட்டவில்லை. சாப்பாடு ஊட்டப் போனால் "பாட்டி ஊட்டட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சரியாகிவிட்டான். உங்கள் உடல்நிலை தாங்கவில்லை என்றால் அனுப்புவதில் குற்றமில்லை. அனுப்புவதாக இருந்தால் ஒரு மாதம் வேண்டாம், நான்கைந்து நாட்கள் போதும்.

குலசேகரம் பாட்டி எழுதியது:

மக்களே, நான் அங்கன்வாடியில் முப்பது ஆண்டுக்கு மேல் பணி செய்து ஓய்வு பெற்றவள். வீட்டில் புதிதாகத் தம்பியோ தங்கையோ வந்த பிள்ளைகள், பழகிய பழக்கங்களை விட்டுவிட்டு மீண்டும் கைக்குழந்தையைப் போல நடந்துகொள்வதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பையில் இன்னொரு சட்டை வைத்து அனுப்புங்கள் என்று அம்மாமாரிடம் நானே சொல்லுவேன். உன் மகளிடம் எந்தக் கேடும் இல்லை, உன் வளர்ப்பிலும் இல்லை.

ஏழு மாதம் நன்றாக இருந்தவள் இப்போது மாறியது ஏன் என்று கேட்டாய். படுத்த இடத்தில் கிடக்கும் குழந்தை மூத்த பிள்ளைக்கு ஒரு பொம்மையைப் போன்றது. அதனிடம் அவள் இழப்பதற்கு எதுவும் இல்லை. அது தவழத் தொடங்கிய அன்றுதான் உண்மையான போட்டி தொடங்குகிறது. அவள் அடுக்கி வைத்த சிரட்டைகளை அவன் வந்து கலைக்கிறான், அவளுடைய புத்தகத்தைக் கிழித்து வாயில் வைக்கிறான், வீட்டில் எல்லோரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். அவள் பிடுங்கினால், "நீ அக்கா அல்லவா, விட்டுக்கொடு" என்கிறோம். இந்த எட்டாம் மாதத்தில்தான் குழந்தைகள் தாயைக் கண்ணில் காணாவிட்டால் அழத் தொடங்குவதும். ஆகவே முன்பு அவளுக்குக் கிடைத்த உன் மடியின் மிச்ச நேரத்தையும் இப்போது அவன் எடுத்துக்கொள்கிறான். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல வார்த்தை கிடையாது. அவன் நனைத்தால் அம்மா ஓடி வருகிறாள், அவனுக்கு மடியில் வைத்து ஊட்டுகிறாள் என்பதை மட்டும் கண்டிருக்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துவிடாதே; இரவில் உறக்கத்தில் நனைப்பது அவள் கையில் இல்லை.

ஆகவே அவளை அனுப்ப வேண்டாம் என்பதே என் எண்ணம். தன் இடத்தைத் தம்பி பிடித்துக்கொண்டான் என்று அஞ்சிக்கொண்டிருக்கும் பிள்ளையை இந்த நேரத்தில் வீட்டை விட்டு அனுப்பினால், அந்த அச்சம் உண்மைதான் என்று நாமே காட்டியதாகிவிடும். பாட்டி எவ்வளவு பாசமாக இருந்தாலும், வீட்டில் அம்மாவோடு இருப்பவன் தம்பி என்பது அவளுக்குத் தெரியும். உன் அம்மாவை இங்கே வரச் சொல். அவர் வந்தால் மகனைத் தூக்கட்டும்; மகளை நீ வைத்துக்கொள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

குறுக்கு வேண்டும் என்றால் இரண்டு வாய் ஊட்டிவிடு. கேட்டதைக் கொடுத்தால் அதிலேயே நின்றுவிடுவாள் என்று வீட்டில் அஞ்சுவார்கள். நான் பார்த்தவரை, கொடுக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் விரைவில் ஆசை தீருகிறது. பால் புட்டியை மட்டும் திரும்பப் பழக்க வேண்டாம், பல் கெடும். அவளுடைய பொருட்களுக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடு. அதில் இருப்பவை அவளுடையவை, எவருக்கும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்று வீட்டில் எல்லோர் முன்னும் சொல். பிள்ளை பார்க்க வருகிறவர்கள், "தம்பி வந்தாயிற்று, இனி உன்னை யார் எடுப்பார்" என்று கேலியாகக் கேட்பார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது அந்தப் பேச்சில்தான். பெரியவர்களாக இருந்தாலும் தடுத்துவிடு. அந்தப் பேச்சை அவள் அப்படியே நம்புகிறாள்.

இடவப்பாதி மழையில் மெத்தை காயாது என்பது நம் ஊரில் பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாளைக்கு மெத்தையை எடுத்துவிட்டுக் கோரைப் பாயில் ரப்பர் விரிப்புப் போட்டு, மேலே பழைய வேட்டியை இரண்டு மூன்று மடிப்பாக விரித்துப் படுக்க வை. வேட்டித் துணி மின்விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடும். நனைந்தால் விளக்குப் போடாமல், ஒரு வார்த்தையும் பேசாமல் மாற்றிவிட்டுத் தட்டித் தூங்க வை. அடித்ததை நினைத்து நீ மட்டும் வருந்திக்கொண்டிருந்தால் அது அவளுக்குத் தெரியாது. அவளை மடியில் வைத்து, "அம்மா அடித்தது தப்பு, ஒன்றுக்குப் போவதில் தப்பில்லை" என்று சொல்.

மார்த்தாண்டம் செவிலி எழுதியது:

பாட்டி சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் உங்கள் பதிவில் என்னைக் கவலைப்படுத்தியது அவள் தண்ணீர் குடிக்க மறுத்ததும், இனி ஒன்றுக்குப் போகவே மாட்டேன் என்று சொன்னதும்தான். ஐந்து வயதுக்குள் இரவில் நனைவதை மருத்துவத்தில் நோயாகக் கணக்கிடுவதில்லை. இருந்தாலும் பல மாதங்கள் நனையாமல் இருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினால், மனக்காரணம் என்று முடிவு செய்யும் முன் ஒருமுறை சிறுநீர்ச் சோதனை செய்துவிடுவது நல்லது. பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். அடக்கி வைத்தாலும் தண்ணீரைக் குறைத்தாலும் அது இன்னும் எளிதாகும். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போதல் ஆகியவை இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் கேட்டு, உடல் மெலிந்தும் வந்தால் இரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். குடலில் தேங்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் நனைகிற பிள்ளைகள் பலர்; வீட்டில் இதை யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. பகலில் தண்ணீரைத் தாராளமாகக் கொடுங்கள், படுக்கும் நேரம் நெருங்கும்போது மட்டும் குறையுங்கள், படுக்கும் முன் ஒருமுறை ஒன்றுக்குப் போக வையுங்கள்.

தம்பிக்கு ஊட்டுவதில் அவளைச் சேர்த்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்போடு வறுத்த கடலையை எடுத்து அவன் வாயில் போட்டுவிடும் வயது அவளுடையது; அது மூச்சுக் குழாயில் போனால் உயிருக்கு ஆபத்து. மார்த்தாண்டம் பக்கத்தில் தேன் இல்லாத வீடு குறைவு என்பதால் இதையும் சொல்கிறேன்: ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் விதைகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, உடலைத் துவளச் செய்துவிடும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, தங்கச்சி. தூக்கமின்மையால் வரும் கோபம் வேறு, மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு வேறு. பின்னது முதல் ஓராண்டுக்குள் எப்போதும் தலைகாட்டலாம். குழந்தைகள் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

குவைத்தில் ஒரு குளச்சல்காரர் எழுதியது:

சகோதரி, நான் ஒரு தகப்பனாக எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் இதே நிலை வந்தபோது, காணொளியில் அழைத்ததும் நான் முதலில் கேட்பது "சின்னவனைக் காட்டு" என்பதாகவே இருந்தது என்று என் மனைவி சொன்னார். அதுவரை எனக்கே அது தெரியவில்லை. ஒரு முறை மூத்த மகன் திரைக்கு முன்னால் வந்து நின்று, தம்பியைப் போலத் தவழ்ந்து காட்டினான். அன்றிலிருந்து முதல் ஐந்து நிமிடம் அவனோடு மட்டும் பேசுகிறேன்.

உங்கள் கணவர் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு அழைத்தால் ஊரில் ஒன்பதரை ஆகிவிடும். குழந்தைகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள், அதன் பிறகு படுக்க வைப்பதும் கடினம். அவர் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்தரைக்கு அழைத்தால் உங்களுக்கு எட்டு மணி. மகளோடு பேச அது நல்ல நேரம்.

தக்கலை மருமகள் மீண்டும் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செவிலி அக்கா சொன்னபடி சிறுநீர்ச் சோதனை செய்தோம். தொற்று எதுவும் இல்லை, ஆனால் மலச்சிக்கல் இருப்பதாக மருத்துவர் சொல்லி மருந்து கொடுத்தார். பால் புட்டிக்காக மூன்று நாட்கள் அழுதாள், பிறகு விட்டுவிட்டாள். குறுக்கு ஒரு வாரம் கேட்டாள். இப்போது இரண்டு வாயோடு எழுந்து போய்விடுகிறாள். கடந்த ஒன்பது இரவுகளில் நான்கு இரவு நனையவில்லை. தள்ளுவது இன்னும் நிற்கவில்லை என்பதால் இருவரையும் தனியே விடுவதில்லை. கணவர் காலையில் அழைக்கிறார். முதலில் அவளோடுதான் பேச்சு. அம்மா ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார். ஒரு மாதம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பாட்டி சொன்னபடி மகளிடம், அம்மா அடித்தது தப்பு என்று சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை, என் தாலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மடியில் இருந்தாள். மறுநாள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

சென்ற செவ்வாய்க்கிழமை மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் அவளை மட்டும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனேன். திங்கட்கிழமை அங்கே விடுமுறை என்பதால் ஒரு நாள் காத்திருந்தோம். நவராத்திரி மண்டபத்தின் கருந்தரை கண்ணாடி போல இருப்பதைக் கண்டு, குப்புறப் படுத்துத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேருந்தில் திரும்பும்போது, இதைத் தம்பிக்குக் காட்ட வேண்டாம் என்றாள். சரி, காட்ட வேண்டாம் என்றேன்.