டாலஸ் பக்கம் புதிதாகக் குடிவந்த பெற்றோருக்கு: செப்டம்பர் வெயிலும் பள்ளி ஃபுட்பாலும்

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கோடையில் இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ பகுதிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த குடும்பங்கள் இப்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பள்ளி திறந்து ஃபுட்பால் (கவசம் அணிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) பருவமும் தொடங்கிவிட்டது, இந்த வெயில் எப்போது தணியும்? நாட்காட்டியில் இலையுதிர்காலம் நெருங்கினாலும், வடக்கிலிருந்து வரும் முதல் குளிர்காற்று பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். புரட்டாசி பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அதில் முதல் பாதி மட்டும் இந்த ஊருக்கும் அப்படியே பொருந்தும். டாலஸ்-ஃபோர்ட்வொர்த்தில் செப்டம்பர் மாதத்துக்கான உச்ச வெப்பநிலையான 111 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 44 டிகிரி செல்சியஸ், பதிவானது 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி. அன்று அமெரிக்காவின் தொழிலாளர் தின விடுமுறை; பள்ளி ஃபுட்பால் பருவம் அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

"சென்னையில் பார்க்காத வெயிலா?" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் சொன்னவன்தான். உடல் வெயிலுக்குப் பழகுவது பிறந்த ஊரால் வருவதன்று. கடந்த இரண்டு வாரங்களில் அந்த வெயிலில் எவ்வளவு உழைத்தோம் என்பதைப் பொறுத்தது. ஏசி வீடு, ஏசி கார், ஏசி வகுப்பறை என்று ஒரு மாதம் கழித்த பிள்ளை, மதுரையிலேயே வளர்ந்திருந்தாலும், பயிற்சி மைதானத்தில் புதியவன்தான். மேலும் சென்னையில் பிற்பகலில் கடற்காற்று வீசும். இங்கோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால், மாலை நான்கு ஐந்து மணிக்குத்தான் வெப்பம் உச்சத்தைத் தொடுகிறது. பள்ளி முடிந்து பயிற்சி நடக்கும் நேரமும் அதுவே. செயற்கைப் புல் மைதானமாக இருந்தால் தரைச்சூடு காற்றின் சூட்டைவிட மிக அதிகமாக இருக்கும்.

டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பு இதற்கென்று விதி வைத்திருக்கிறது. முதல் 5 நாள் பயிற்சி உடலைப் பழக்குவதற்கானது. தொடக்க நாட்களில் முழுக் கவசத்தை அணியக் கூடாது. தாமதமாக அணியில் சேரும் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்பதால், ஆகஸ்ட் நடுவில் வந்து சேர்ந்தவர்கள் பயிற்சியாளரிடம் இதைத் தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் சுருண்டவரைக் குளிர்விக்கும் ஐஸ் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். நம் ஊர்ப் பக்கத்தில் ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அப்படி யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

"எங்கள் பிள்ளை ஃபுட்பால் ஆடவில்லையே" என்பவர்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். நம் குழந்தைகளில் பலர் சேர்வது மார்ச்சிங் பேண்டில், அதாவது அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் பள்ளி இசைக்குழுவில். பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள சூசஃபோன் என்ற பெரிய ஊதுகருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தார் போட்ட வண்டி நிறுத்துமிடத்தில் மணிக்கணக்கில் நடப்பதும் கடும் உடலுழைப்புதான். என் மகன் சேர்ந்த முதல் ஆண்டில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல், ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் போய், பத்தரை மணிக்கு வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான். ஆகஸ்ட் நடுவிலிருந்து இங்கே ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் பறக்கும். தும்மலுக்குக் கடையில் வாங்கும் பழைய வகை மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைத்து உடற்சூட்டை ஏற்றக்கூடியவை என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். பிள்ளை எந்த மருந்து எடுத்தாலும் மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பேண்டு போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் நடக்கும். அன்று பிள்ளைக்கு மட்டுமாவது விரதத்தைத் தளர்த்துங்கள். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குடிப்பதற்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு கதை உண்டு. நான் மேலே சொன்ன 111 டிகிரி நாளுக்கு முந்தைய நாள், இர்விங்கில் இருந்த டெக்சாஸ் ஸ்டேடியத்தில் தொழில்முறை ஃபுட்பால் அணிகளான டாலஸ் கவ்பாய்ஸும் பிலடெல்பியா ஈகிள்ஸும் 109 டிகிரி வெயிலில் மோதின. ஈகிள்ஸ் வீரர்கள் வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கி, 41-14 என்ற கணக்கில் வென்றார்கள். அந்த ஆட்டத்தை இன்றும் ஊறுகாய்த் தண்ணீர் ஆட்டம் என்றே சொல்கிறார்கள். வெற்றிக்கு அதுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனால் வியர்வையோடு உப்பும் போகிறது என்பது உண்மை. உப்புப் போட்ட நீர்மோர் முந்தின இரவும் காலையும், பயிற்சியின்போது தண்ணீர், நீண்ட நாட்களில் உப்புச்சத்துள்ள பானம், இவ்வளவு போதும். பயத்தில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடிக்கவைப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெப்பத்தாக்கை (ஹீட் ஸ்ட்ரோக்) அடையாளம் காண்பது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். விளையாடும்போது வரும் வெப்பத்தாக்கில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். பேச்சுக் குழறுவது, தள்ளாடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பது ஆகியவைதான் அறிகுறிகள். உடனே 911 எண்ணை அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். தலையைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். நம் இயல்பு பிள்ளையைத் தூக்கிக் காரில் போட்டு மருத்துவமனைக்கு ஓட்டுவது, அதைச் செய்யாதீர்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டு செல்வது என்பதே இங்குள்ள விளையாட்டு மருத்துவர்களின் நெறி, ஏனெனில் முதல் அரை மணி நேரத்தில் சூட்டை இறக்கிவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ஃபுட்பால் வீரர் கோரி ஸ்டிரிங்கர் 2001 ஆகஸ்டில் பயிற்சி முகாமில் ஏற்பட்ட வெப்பத்தாக்கினால் இறந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் இயங்கும் ஆய்வு நிறுவனம் இதைத்தான் தொடர்ந்து வலியுறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சிறு குறிப்பு. ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது செப்டம்பர் முதல் வாரத்தில் சூரியன் இன்னும் மறைந்திருக்காது. பல ஸ்டேடியங்களில் உள்ளூர் அணியின் இருக்கைகள் மேற்குப் பக்கம் இருப்பதால் அவர்களுக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால். விருந்தினர் பக்கம் அமர்பவர்களுக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். அலுமினிய இருக்கைகள் பகல் முழுதும் காய்ந்து கிடக்கும். மடித்துப் போட்டு உட்கார ஒரு தடித்த துண்டு எடுத்துப் போங்கள். தண்ணீரை உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்பதைப் பள்ளியில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.