புதுப்பிப்பு: அசமன்பாட்டைத் தெரியாத எண்ணால் பெருக்கலாமா?

அசமன்பாட்டின் இருபுறமும் குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ அதன் நடுவில் உள்ள குறி திரும்பும் (> என்பது < ஆகும், < என்பது > ஆகும்), சமன்பாட்டில் அந்தக் கவலை இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த நல்ல கேள்வி: பெருக்குவது ‘க’ என்ற தெரியாத எண் என்றால்?

6/க = 2. இருபுறமும் க-வால் பெருக்கினால் 6 = 2க, க = 3. அவ்வளவுதான். ஆனால் 6/க > 2 என்பதிலும் அதையே செய்தால் க < 3 என்று வரும். க = −1 போட்டுப் பாருங்கள்: −6 > 2 என்று நிற்கும். தப்பு! க நேர் எண்ணா, குறை எண்ணா என்று பார்க்காமல் குறியை அப்படியே விட்டதுதான் காரணம். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள். க > 0 என்றால் குறி மாறாது. க < 3. சேர்த்தால் 0 < க < 3. க < 0 என்றால் குறி திரும்பி க > 3 என்று வரும். பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண் 3-ஐத் தாண்ட முடியாது, அங்கே விடை இல்லை. ஆக, விடை 0 < க < 3 மட்டுமே. எண்கோட்டில் 0, 3 இரண்டிலும் வெற்று வட்டம் போடுங்கள், அந்த இரண்டும் விடையில் சேராது. பிறகு −1, 1, 4 மூன்றையும் போட்டுச் சரிபாருங்கள். 1 மட்டும் பொருந்தும்.